ஷேர் எண்ணிக்கை கூடினால் கூகுளில் மேலே வருமா?

"ஒவ்வொரு ஷேரும் ஒரு பேக்லிங்க். ஆயிரம் ஷேர் வாங்கிவிட்டால் உங்கள் வலைப்பூ கூகுளில் முதல் பக்கம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பேக்லிங்க் என்றால் வேறொரு தளம் உங்கள் பதிவுக்குக் கொடுக்கும் லிங்க்; கூகுள் அதை உங்களுக்கு விழுந்த ஓட்டு மாதிரி எடுத்துக்கொள்ளும். ஆனால் ஷேர் அப்படி இல்லைங்க.

ஃபேஸ்புக், எக்ஸ் மாதிரி இடங்களில் நாம் போடும் லிங்க்கில் பெரும்பாலும் நோஃபாலோ குறி (இந்த லிங்க்கை ஓட்டாக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்வது) தானாகவே ஒட்டிக்கொள்ளும். கருத்துப்பெட்டி ஸ்பேமை அடக்க 2005இல் கூகுள் கொண்டுவந்தது அது. 'இந்த லிங்க்குக்கு நான் ஜவாப்தாரி இல்லை' என்று தளம் கைகழுவுகிறது, அவ்வளவுதான். 2019இல் கூகுள் அதைக் கட்டளை என்பதிலிருந்து வெறும் குறிப்பாக மாற்றியது உண்மை. அதற்காக ஷேரெல்லாம் ஓட்டாகிவிடவில்லை. லைக், ஃபாலோயர் எண்ணிக்கையை வைத்து ரேங்க் போடுவதில்லை என்று அப்போது கூகுளில் ஸ்பேம் தடுப்புக் குழுவை நடத்திய மேட் கட்ஸ் 2014லேயே வீடியோ போட்டுச் சொல்லிவிட்டார்.

ஷேர் வீண் என்று சொல்லவில்லை. அதன் வழியே வந்து படித்தவர் தன் தளத்தில் உங்கள் பதிவைச் சுட்டி எழுதினால், அந்த லிங்க்குக்கு மதிப்பு உண்டு. காசுக்கு வாங்கும் ஷேரில் படிக்கிற ஆளே இருக்காதே! (விற்பவர்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள்.)

சந்தேகமிருந்தால் நீங்களே சோதியுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று என்று லிங்க்கின் வாலில் தனித்தனி யூடிஎம் (எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் குறிச்சொல்) சேர்த்துப் பகிருங்கள். வால் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் கூகுள் அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி) பெரும்பாலும் 'டைரக்ட்' கணக்கில், அதாவது எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாதவர்களோடு, விழுவார்கள். கூகுள் தேடலில் வந்தவர்களைத் தனியாக சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவி) பாருங்கள். ஷேர் எகிறிய நாளில் அங்குள்ள வரைபடக் கோடு அசைந்ததா என்று இங்கேயே வந்து சொல்லுங்கள்.