ஜைரோ இருந்தா மட்டும் போதாது
ரிமோட்ல ஓட்டுற மாடல் விமானம் பத்தின கட்டுரைல, ஜைரோ (ஆட்டத்த உணர்ந்து தானா சரிபண்ற கருவி) இருந்தா முதல் விமானமாவே ஸ்பிட்ஃபயர் மாதிரி லோ விங் (ரெக்கை உடம்புக்கு அடில இருக்கற மாடல்) வாங்கலாம்னு இருக்கு, அத ஒத்துக்க முடியல. ஜைரோ காத்துல ஆடுறத அடக்கும், ஸ்பீட் கொறஞ்சு ஸ்டால் ஆகுறத, அதாவது ரெக்கை தூக்குற சக்திய இழக்கறத, தடுக்காது, என் ஃப்ரெண்டோட பையன் லேண்டிங்ல ரொம்ப மெதுவா திருப்பினான், ஒரு பக்க ரெக்கை டக்குனு சாஞ்சு நேரா தரைல குத்தி மோட்டார் மவுண்ட் தனியா வந்துடுச்சு, அவன் மூஞ்சியப் பாக்க முடியல. நான் கத்துக்கிட்டது மல்டிப்ளெக்ஸ் கம்பெனியோட ஈஸி ஸ்டார்ங்கற ஃபோம் விமானத்துல, ரெக்கை மேல இருக்கும், ரெண்டு பக்கமும் லேசா தூக்கியிருக்கும், ஸ்டிக்க விட்டா தானா நேராகும், ப்ரொப்பெல்லர் பின்னாடி இருக்கறதால மூக்கு குத்தினாலும் தப்பிச்சிடும், நசுங்கின ஃபோம் மேல கொதிக்கிற தண்ணி ஊத்தினா உப்பி வந்துடும். மேல கமெண்ட்ல 3 சேனல் (மோட்டார் வேகம், மேல-கீழ, ரட்டர்னு மூணு கன்ட்ரோல்) போதுமான்னு கேட்டவருக்கு, இந்த மாதிரி விமானத்துக்கு தாராளமா போதும், எய்லரான் (ரெக்கை ஓரத்துல அசையுற தகடு) இல்லாமலே ரட்டர்ல (வால்ல நிமிர்ந்து நிக்கற தகடு) நல்லா திரும்பும்.