என் ரத்தத்தில் இல்லாத பொட்டாசியத்துக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பிபிக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவன் நான். அந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம் என்பதால் அவ்வப்போது பார்த்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் எங்கள் ஊர் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் காலையில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் போன். "சார், பொட்டாசியம் 8.1 வந்திருக்கு, உடனே வாங்க, தனியா வண்டி ஓட்டிட்டு வராதீங்க."

3.5லிருந்து 5 வரை இருக்க வேண்டியது 8.1! எந்த நிமிஷமும் இதயம் நின்றுபோகலாம் என்று கேஷுவாலிட்டியில் என் மனைவியிடமே சொன்னார்கள். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஈசிஜி நார்மல். ஆனாலும் ஐசியூ. இன்சுலின், குளுக்கோஸ், கால்சியம் ஊசி, மூக்கில் நெபுலைசர், குடிக்க ஒரு மண்ணு மாதிரி பொடி. கேஷுவாலிட்டியில் எடுத்தனுப்பிய மறு சாம்பிள் ரிப்போர்ட் ராத்திரி வந்தது: 4.3. "பாத்தீங்களா, மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு" என்று சிரித்தார் டியூட்டி டாக்டர்.

நானும் நம்பிவிட்டிருப்பேன். என் சித்தி மகள் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். போனில் அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, 8.1 வந்த அதே ரிப்போர்ட்ல கால்சியம் எவ்ளோ போட்டிருக்கு?" பார்த்தேன். 5.2. குறைந்தது எட்டரையாவது இருக்க வேண்டுமாம். "அந்த அளவுக்கு நிஜமாவே இறங்கியிருந்தா உங்களுக்குக் கை காலெல்லாம் இழுத்திருக்கும். இது ஊதா மூடி டியூப் ரத்தம் கலந்த சாம்பிள்" என்றாள்.

ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்க இடிடிஏ போட்டிருப்பார்கள். அது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து கொஞ்சம், பொட்டாசியமும் கால்சியமும் பார்க்கிற மஞ்சள் மூடி டியூபில் கலந்தாலே போதும், பொட்டாசியம் எகிறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். காலையில் நடந்தது அதுதான். மஞ்சள் டியூபில் ரத்தம் பத்தவில்லை என்று ரத்தம் எடுத்த பெண் ஊதா மூடியைத் திறந்து கொஞ்சம் சாய்த்து ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன். அவள் மேல் கோபமில்லை, பயிற்சிக்கு வந்த பிள்ளை போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு சீனியர்கூட இல்லாமல் தனியாக நிறுத்தியிருந்தார்கள். என் கோபமெல்லாம் 8.1-ஐயும் 5.2-ஐயும் ஒரே தாளில் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய மனுஷர் மேல்தான். எம்.டி. பேத்தாலஜி என்று சீல் வேறு!

அப்புறம் நேரத்தைப் பார்த்தேன். மறு சாம்பிள் எடுத்தது 7.10 என்று ரிப்போர்ட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இன்சுலின் ஏற்றியது 7.40 என்று நர்ஸ் சார்ட் சொல்கிறது. அப்படியென்றால் மருந்து ஏறுவதற்கு முன்பே என் பொட்டாசியம் 4.3! எந்த மருந்து எதைக் குறைத்தது ஐயா? நன்றாக இருந்தவனுக்கு இன்சுலின் போட்டு, சுகர் இறங்கி, பொட்டாசியமும் இறங்கி ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

இதைக் கேட்கப் போனால் லேப் மேனேஜர், "வேற சாம்பிள்னா வேற வேல்யூ வரத்தான் சார் செய்யும்" என்கிறார். கொத்தமல்லிக் கட்டு விலையா அது, கடைக்குக் கடை மாற? "எங்க ஸ்டாஃப் அப்படி ஊத்தவே மாட்டாங்க" என்பது அடுத்த பதில். ஐசியூ வாடகை, ஊசி, மருந்து, தப்பான டெஸ்ட், அந்தத் தப்பைக் காட்டிக்கொடுத்த டெஸ்ட், எல்லாவற்றுக்கும் பில். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

பணம்கூடப் போகட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'கடுமையான ஹைப்பர்கலீமியா (அதாவது ரத்தத்தில் பொட்டாசியம் மிகுதி), சிகிச்சையில் சரிசெய்யப்பட்டது.' வராத நோய் வந்ததாகவும், அதை இவர்கள் தீர்த்ததாகவும்! இனி எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் படிப்பார். நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்ட்டனை நிறுத்திவிட்டார்கள், இப்போது பிபி 160. இன்சூரன்ஸ்காரன் இந்தத் தாளைப் பார்த்தால் சிறுநீரகத்தில் கோளாறோ என்று நோண்டுவான்.

முதல் ரிப்போர்ட் சாம்பிள் கெட்டுப்போனதால் தவறு என்று எழுத்தில் கொடுங்கள், சம்மரியைத் திருத்துங்கள் என்று மெடிக்கல் சூப்பரின்டென்டன்டுக்கு மனு கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டேன். "அதெல்லாம் தர்ற வழக்கமில்ல சார்" என்றார்கள். சரி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். அந்த இரண்டு ரிப்போர்ட்டும் நர்ஸ் சார்ட்டின் நகலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.