பிரியாணிக் கடையில் டிம் சம்

யங்கோனில் நல்ல டிம் சம், அதாவது கூடையில் ஆவியில் வேகவைக்கும் சீனச் சிற்றுண்டி, எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் லத்தா பக்கம்தான் கை காட்டுவார்கள். சீனத்தெரு இருக்கும்போது வேறு எங்கே போவது என்பார்கள். நான் சொல்ல வந்தது அனௌரட்டா சாலைக் காளியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி நம்ம பாய் ஒருவர் நடத்தும் பிரியாணிக் கடையைப் பற்றி. வாசலில் அண்டா. அதை ஒட்டியே மூங்கில் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள், ஆவி பறக்கும். பன்றிக்கறி கிடையாது. அதைக் கேட்டதுமே "அப்போ அது டிம் சம்மே இல்லை" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டையின் தரம் அதன் தோலில் இருக்கிறது. இறாலை மூடியிருக்கும் அந்தத் தோல் வெறும் மைதா இல்லை. கோதுமையில் பசைச்சத்தை நீக்கி எடுத்த ஸ்டார்ச்சோடு மரவள்ளி மாவும் கொஞ்சம் சேரும். கொழுக்கட்டைக்குச் செய்வதுபோலக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூட்டோடு பிசைய வேண்டும். தண்ணீரில் சூடு போதாவிட்டால் மாவு சேராது, விண்டுவிடும். வெந்தபின் இறாலின் சிவப்பு வெளியே தெரிய வேண்டும். குச்சியால் தூக்கினால் கிழியக் கூடாது. ஆறினால் தோல் விறைத்துப்போகும், அதனால் காத்திருக்க வேண்டியது நாம்தான். பெரிய ஹோட்டல் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை பஃபேயில் தோல் அடித்தாளோடு ஒட்டிக்கொள்ள, இறால் மட்டும் தனியாக வந்தது. வெந்ததை மணிக்கணக்கில் மூடிப்போட்டு வைத்தால் வேறு எப்படி வரும்?

பாய் கடையில் மாவு போடுகிறவர் சின்ன வயதில் சீனக் கடையில் வேலை பார்த்தவர். எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பட்டையால் உருண்டையை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றுவார், மெல்லிசான வட்டம் வந்துவிடும். கண்ணெதிரே இறாலை வைத்து மடிப்பு மடிப்பாக மூடுவார். "கொஞ்சம் இருங்கண்ணே, இப்பத்தான் அடுப்புல வெச்சேன்" என்பார். நான் அந்தக் கடைக்குப் போவதே அந்தப் பேச்சுக்காகத்தான்.

ஷியூ மாய் என்கிற, மேலே திறந்திருக்கும் கறிக் கொழுக்கட்டைக்கு வழக்கமாகப் பன்றிக்கறியும் கொழுப்பும்தான் சாறு தரும். இங்கே கோழித் தொடைக்கறி. நெஞ்சுக்கறி போட்டால் சக்கையாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அரைக்காமல் கத்தியால் கொத்தி, ஒரே பக்கமாகக் கிளறிக் கிளறிப் பசை வரவைக்கிறார். கடித்தால் சாறு நிற்கிறது. பன்றிக்கறியின் ருசி வேறு, சரி. ஆனால் இது அதற்குக் குறைந்ததில்லை.

இன்னொன்று, டிம் சம் என்பதே தேநீரோடு சாப்பிடுகிற சாப்பாடு. யங்கோன் டீக்கடைகள் மாதிரியே இங்கும் மேசைக்கு மேசை காசில்லாமல் பச்சைத் தேநீர் வைத்திருப்பார்கள். பால் டீயை அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.

காலையிலேயே போய்விடுங்கள், பிரியாணிக் கூட்டம் வந்துவிட்டால் கூடைகளை இறக்கிவிடுவார்கள். பௌசி என்கிற ஆவியில் வெந்த பன் மட்டும் வேண்டாம், மாவு கனமாக இருக்கும். அதற்கு லத்தாவுக்கே போங்கள்.