பாமசிப் பட்டம் குளிசை எண்ணத்தானா?

"பாமசி படித்தால் கடையில் குளிசை எண்ணுவதுதான் வேலை" என்று மட்டக்களப்பு பெற்றோர் மத்தியில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பிழையானது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உள்ள 4 வருட பி.பாம் பட்டத்தை முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவர் மருந்தாளர். ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நீரிழிவுக்கார அம்மா. சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் அளவு (eGFR) 30க்குக் கீழே இறங்கியிருக்கிறது, சீட்டிலோ மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவுக் குளிசை. சிறுநீரகம் இவ்வளவு பலவீனமானால் அது கொடுக்கக்கூடாது. அதைக் கண்டு, நிறுத்தச் சொல்லி டொக்டரிடம் போவது மருந்தாளரின் வேலை. அந்த அம்மாவின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, மருந்துத் தொழிற்சாலைகள், தரப் பரிசோதனைக் கூடங்கள், விரிவுரை என்று வேறு வழிகளும் உண்டு. இவற்றில் பலவற்றுக்குக் கொழும்புப் பக்கம் போகவேண்டி வரும், அது மெய்தான்.

கடையில் நிற்பதும் குறைவான வேலை இல்லை. ஒருவர் வாங்கும் இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று முட்டுமா என்று கடைசியாகப் பார்க்கும் கண் அங்கேதான் இருக்கிறது.