செயற்கைக்கோளுக்கு நம் இருப்பிடம் தெரியாது
“ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், செயற்கைக்கோள் உங்களைப் பின்தொடராது” என்று சொல்லப்படுவது தவறு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்கள் நேரக்குறிப்புள்ள சமிக்ஞையை அனுப்புகின்றன, அவ்வளவுதான். நம் கைபேசியிடமிருந்து எதையும் பெறுவதில்லை. இடத்தைக் கணக்கிடுவது கைபேசி. அதை இணையம் வழியாக வெளியே கொண்டுபோவது நாம் அனுமதி கொடுத்த செயலிகள். தயவுசெய்து அந்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றலாம். ஐபோனின் ஐஓஎஸ் 14 (2020), ஆண்ட்ராய்டு 12 (2021) முதல் தோராயமான இடத்தை மட்டும் தரவும் வழி இருக்கிறது. மழை வருமா என்று சொல்லும் செயலிக்கு ஊர் தெரிந்தால் போதாதா, வீட்டு வாசல் எதற்கு? இன்னொன்று: இருப்பிட வசதியை முழுவதும் அணைத்தாலும், சிம் இயங்கும்வரை நீங்கள் எந்தக் கைபேசிக் கோபுரத்தின் எல்லையில் இருக்கிறீர்கள் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும்.