வனெஸ்ஸா என்றால் பட்டாம்பூச்சியா?

குழந்தைப் பெயர்த் தளங்களில் தேடினால் "வனெஸ்ஸா: கிரேக்கப் பெயர், பொருள் பட்டாம்பூச்சி" என்று அடித்துச் சொல்கிறார்கள். கிரேக்கத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது இரண்டு துண்டை ஒட்டிச் செய்த பெயர்.

ஒட்டியவர் ஜொனாதன் ஸ்விஃப்ட். 'கலிவரின் பயணங்கள்' கதையில் கலிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பினாரே, அந்த எழுத்தாளரேதான். டப்ளின் மேயராக இருந்த டச்சு வணிகரின் மகள் எஸ்தர் வான்ஹோம்ரி. ஸ்விஃப்டைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர், அவர்மேல் உயிரையே வைத்திருந்தவர். குடும்பப் பெயரிலிருந்து 'வான்', எஸ்தரின் செல்லப் பெயரான 'எஸ்ஸா', சேர்த்தால் வனெஸ்ஸா. டச்சுக்காரர் பெயர்களில் வரும் 'வான்' இன்ன ஊரிலிருந்து வந்தவர் என்று காட்டுவது. ஆக, இவ்வளவு நளினமான பெயரின் முன்பாதி நம் கணக்கில் ஒரு வேற்றுமை உருபு!

அவளைப் பற்றி எழுதிய நீண்ட கவிதையில் ஸ்விஃப்ட் தன்னையும் 'கடீனஸ்' என்று ஒளித்துக்கொண்டார். டப்ளின் தேவாலயத்தில் அவர் டீன், அதாவது தலைமைக் குரு. அந்தப் பதவிக்கான லத்தீன் சொல்லான 'டெகானஸ்' என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டார், அவ்வளவுதான். வனெஸ்ஸா இரண்டு பேருக்குள் புழங்கிய பெயர். அவள் 1723இல் இறந்தாள், கவிதை 1726இல் அச்சேறியது. அப்புறம் அது ஊரே வைக்கும் பெயராகிவிட்டது.

பட்டாம்பூச்சி? 1807இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபெப்ரீசியஸ் ஒரு பட்டாம்பூச்சிப் பேரினத்துக்கு 'வனெஸ்ஸா' என்று பெயர் வைத்தார். அதாவது பூச்சியிடமிருந்து பெண்ணுக்கு வரவில்லை. பெயர் புழக்கத்துக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் பூச்சிக்குப் போனது. தளங்கள் அதைத் தலைகீழாகப் படிக்கின்றன.

நம் வீடுகளிலும் இதேதான் நடக்கிறது. தினேஷும் ஷாலினியும் மகளுக்குத் 'தினாலி' என்று வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகாகத்தான் இருக்கிறது. "என்னம்மா அர்த்தம்?" என்று பெரியம்மா கேட்டதும் கைப்பேசியைத் தட்டி "சமஸ்கிருதத்தில் ஒளி" என்கிறார்கள். எதற்கு இந்தப் பொய்? "எங்க ரெண்டு பேரோட பேரு பெரியம்மா" என்றால் முடிந்தது. யாரை யாரோடு சேர்த்தார்கள் என்பதைவிட ஒட்டுப்பெயருக்கு வேறென்ன பொருள் வேண்டும்? தூய தமிழ்ப் பெயர் வையுங்கள் என்று சொல்பவன்தான் நானும். ஆனால் இல்லாத சமஸ்கிருத வேரைக் காட்டுவதைவிட அப்பா அம்மாவைக் காட்டுவது நேர்மை.

அப்புறம் நியூமராலஜி பார்த்து நடுவில் ஒரு 'எச்' செருகுவது தனிப் பஞ்சாயத்து. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.