கிரேன் ராஜாவைத் தூக்கலாமா?

சதுரங்கத்துக்குப் புதிதாக ஒரு காயைக் கண்டுபிடித்தவன், அதை மற்றவர்கள் ஆடிப்பார்க்கும் இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது. பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

என் காயின் பெயர் கிரேன். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அது ராஜாவைப் போல எந்தப் பக்கமும் ஒரு கட்டம் நகரும், வெட்டும். நகராமல் நின்றால், ஒட்டி நிற்கும் தன் காய் ஒன்றைத் தூக்கித் தனக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இறக்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குதிரைகளை எடுத்துவிட்டு அந்த இடங்களில் நான்கு சோடா மூடிகளை வைத்தோம். இரண்டில் சிவப்பு நகப்பூச்சு.

ஆடியது எங்கள் தெருமுனை கேரம் கிளப்பின் பின்னறையில். எங்கள் பக்கம் கேரம் ஆடாதவனைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். சதுரங்கத்துக்கு அங்கே மூன்றரைப் பேர். அந்த அரை, எட்டாம் வகுப்புப் பையன்.

முதல் ஆட்டத்திலேயே அவன் ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினான். அது விட்டுப்போன கட்டத்துக்குக் கிரேனை ஏற்றினான். மூன்றாவது நகர்த்தலில் மூலையில் கிடந்த யானையைத் தூக்கிச் சிப்பாய் வரிசைக்கு முன்னால் இறக்கிவிட்டான். நான் பதறிப்போய், "அதற்காகச் செய்த காய் இல்லை தம்பி" என்றேன். "விதியில் அப்படி எழுதவில்லையே அண்ணா" என்றான். அவன் பக்கம்தான் நியாயம். நான் மனதில் வைத்திருந்த ஆட்டத்தை ஆட அவன் வரவில்லை, ஜெயிக்க வந்திருந்தான். ஒரு காயைச் சோதிக்க இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். பாராட்டுகிற நண்பனால் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

புதுக் காய் என்றதும் நம் ஆட்கள் பலத்தைத்தான் கூட்டுகிறார்கள். ராணியோடு குதிரையைச் சேர், டிராகன் என்று பெயர் வை, முடிந்தது. அப்படி ராணியும் குதிரையும் சேர்ந்த காய் ஏற்கெனவே உண்டு, பெயர் அமேசான். துணைக்குத் தன் ராஜாகூட இல்லாமல் தனியாகவே எதிராளியின் ராஜாவுக்கு மேட் வைத்துவிடும். அப்புறம் மற்ற காய்களுக்கு என்ன வேலை? சீனச் சதுரங்கத்தின் பீரங்கியைப் பாருங்கள். நகர்வது யானையைப் போலத்தான்; ஆனால் வெட்ட வேண்டுமானால் நடுவில் ஒரு காய் நின்றாக வேண்டும், அதைத் தாண்டித்தான் வெட்டும். பலகை நிறைந்திருக்கும்போது பயமுறுத்தும். காய்கள் குறையக் குறையத் தாண்டுவதற்கு ஆளில்லாமல் தவிக்கும். இந்தக் குறைதான் அதை ருசியான காயாக்குகிறது.

"இருக்கிற சதுரங்கத்தை ஏனப்பா கெடுக்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே வரி: உங்கள் ராணியே பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் இந்த வேகம் பெற்றாள்; அதற்கு முன் அந்த இடத்தில் நின்ற காய் மூலைவாட்டில் ஒரு கட்டம்தான் நகர்ந்தது. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த காபபிளாங்காவே பலகையை 80 கட்டமாக்கி இரண்டு புதுக் காய்களைச் சேர்க்கச் சொன்னவர்தான்.

எங்கள் கிரேனுக்கு வந்த நோய் வேறு: ஆட்டம் முடியவே இல்லை. ராஜாவுக்கு செக் வைத்தால் பக்கத்துக் கிரேன் அவரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடும். அங்கே துரத்தினால் மறுபடி இந்தப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ராஜா ஊஞ்சல் ஆடினார். கிரேன் ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறைதான் தூக்கும் என்றெல்லாம் நான் நோட்டில் விதிக்கு மேல் விதியாக எழுதினேன். நோட்டு தடித்ததே தவிர ஆட்டம் தேறவில்லை.

தீர்த்துவைத்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மாமா. கேரம் பவுடர் படிந்த கையோடு எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கொக்கியில் ஆளைத் தூக்குகிறீர்கள்? சரக்குத் தூக்குகிற கொக்கியில் ஆளைத் தூக்கக் கூடாது. எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதுதான்" என்றார்.

நோட்டில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: ராஜாவைத் தூக்கக் கூடாது. அடுத்த ஆட்டம் முப்பத்தோராவது நகர்த்தலில் மேட்டில் முடிந்தது. தோற்றது நான்.

பையன் மட்டும் காய்களை அடுக்காமல் யோசித்துக்கொண்டிருந்தான். "அப்படியென்றால் சிப்பாய் ஆள் இல்லையா மாமா?"

மாமா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு, ஸ்டிரைக்கர் தன் கையில்தான் இருக்கிறது, அங்கே காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார்.